உன்னை விட்டால் யாருமில்லை என்று சொன்ன சனிக்கிழமை

அமுதாவுக்கு அம்மா எழுதுவது. நலமா என்று கேட்டுத் தொடங்க வழியில்லை. காலையில் என் கையால் மூன்று தோசை தின்று, சட்னியில் உப்புக் குறைவு என்று குறையும் சொல்லிவிட்டுத்தான் ஏலப்பாறைக்குப் பஸ் ஏறினாய். ஒரே கூரையின் கீழ் இருக்கிற மகளுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொல்ல மூன்று தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை நீ தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாய். இரண்டாம் தடவை பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாய். மூன்றாம் தடவை நீ ஒன்றும் செய்யவில்லை, சும்மாதான் உட்கார்ந்திருந்தாய்; அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. எழுத்து என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் அழுது தப்பிக்க முடியாது. அதனால் கிரஷ்ஷில் மிஞ்சிப்போன பழைய வருகைப் பதிவேட்டின் பின்பக்கங்களில் மூன்று நாளாகத் துண்டு துண்டாக எழுதியதை இன்று சேர்த்து எழுதுகிறேன். நீ குளிக்கப் போகும்போது இரண்டு வரி, கடைக்குப் போகும்போது நாலு வரி. எட்டாவதோடு நின்ற படிப்பு இது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மற்ற பிழையைப் பொறுக்க வேண்டுமென்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

புதன்கிழமை நீ நெடும்பாசேரியில் விமானம் ஏறுகிறாய். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நம் லயத்து வரிசை வீடுகளில் உள்ளவர்கள் எல்லாரும் வந்து வாழ்த்திவிட்டுப் போகிறார்கள். "பிள்ளைய ஒத்தையில இருந்து ஆளாக்கிட்ட" என்று என்னைத்தான் அதிகம் புகழ்கிறார்கள். அப்பா போய் ஆறு வருடத்தில் நான் பட்ட பாட்டையெல்லாம் எடுத்துச் சொல்லி, இந்த மாதிரித் தாய் யாருக்குக் கிடைக்கும் என்கிறார்கள். நான் டம்ளரைக் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விடுகிறேன். நீ அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தபோது கிரஷ்தான் நினைவுக்கு வந்தது. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிற பெண்களின் பிள்ளைகளைக் காலை முதல் சாயங்காலம் வரை பார்த்துக்கொள்வதுதான் இருபத்தாறு வருடம் எனக்கு எஸ்டேட்டில் வேலை. ஒரு சமயத்தில் இருபது பிள்ளைகளுக்குக் குறையாது. இருபது வாய்க்கும் கஞ்சி போக வேண்டும். ஒன்று வாயை மூடிக்கொள்ளும், ஒன்று துப்பும், ஒன்று பக்கத்துப் பிள்ளையின் கிண்ணத்தில் கொட்டும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றையும் தனியாக மடியில் வைத்து, காதுக்குள், "எனக்கு நீ மட்டுந்தான் செல்லம், வேற யாரும் இல்ல, யார்கிட்டயும் சொல்லிராத" என்பேன். உடனே வாய் திறக்கும். இருபது பிள்ளைக்கும் இருபது தடவை இதே ரகசியம். ஒரு கிண்ணம் மிஞ்சாது. என்னைப்போல் பிள்ளைக்கு ஊட்ட ஆளில்லை என்று பெரிய டிவிஷன் வரை பேச்சு. ஒருநாள் உனக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை, நீயும் கிரஷ்ஷுக்கு வந்து மூலையில் உட்கார்ந்திருந்தாய். நாலைந்து வயதிருக்கும். நான் இன்னொரு பிள்ளையின் காதில் சொன்னது உன் காதில் விழுந்துவிட்டது. அன்று வீட்டுக்கு வந்து நீ சாப்பிடவில்லை. என்னவென்று கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய். உன் அப்பாதான் உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமாதானம் செய்தார். திரும்பி வந்து என்னிடம் சிரித்தபடி, "இவகிட்டயும் ஒனக்கு இவ மட்டுந்தான்னு சொல்லி வச்சிருக்கியாமே" என்றார். நானும் சிரித்தேன். பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டச் சொல்கிற பொய்தானே என்று விட்டுவிட்டேன். அந்தப் பொய் என் நாக்கில் அவ்வளவு பழகிப்போயிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நீ கட்டப்பனையில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு, கோட்டயத்தில் ஜப்பான் மொழி வகுப்புக்குச் சேர்ந்த காலம் நினைவிருக்கிறதா? வார வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருவாய், திங்கட்கிழமை விடிந்ததும் போவாய். நோட்டில் ஒருபக்கம் அந்தப் பூச்சி எழுத்து, மறுபக்கம் அதன் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்திருப்பாய். நோட்டை என் கையில் கொடுத்து, "யம்மா, கேள்வி கேளு" என்பாய். நான் அரிசி களைந்தபடி கேட்பேன், நீ ஒப்பிப்பாய். அந்த மொழியில் சொந்த அம்மாவுக்கு 'ஹஹா' என்று பேராம். கேட்டதும் எனக்கு வந்த சிரிப்பில் அரிசி பாதி தண்ணீரோடு போய்விட்டது. அப்படித்தான் அந்த 'மட்டும்' பாடமும் வந்தது. நமக்கு ஒரு 'மட்டும்' போதும், அவர்களுக்கு மூன்று நாலு. 'மிஸு தக்கே நொமிமாஸ்' என்றால் தண்ணீர் மட்டும் குடிக்கிறேன். அவ்வளவுதான், அதில் குறையும் இல்லை நிறைவும் இல்லை. அதையே 'ஷிக்கா' போட்டுச் சொன்னால் வாக்கியம் இல்லை என்றுதான் முடிய வேண்டும். 'மிஸு ஷிக்கா நொமிமாசேன்', தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிப்பதில்லை. அதில் ஒரு போதாமை இருக்கிறது, இவ்வளவுதானா என்கிற ஏக்கம் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தாய். மூன்றாவதாக 'பக்காரி' என்று ஒன்று; எப்போது பார்த்தாலும் இதேதான் என்று சலித்துக்கொள்ள. அதற்கு நீயே உதாரணம் சொன்னாய்: தம்பி எப்போது பார்த்தாலும் போன்தான் பார்க்கிறான், அம்மா எப்போது பார்த்தாலும் வீட்டைப் பற்றித்தான் பேசுகிறாள். நான் கையிலிருந்த கரண்டியைக் காட்டினேன். நீ சிரித்துக்கொண்டே ஓடினாய்.

வீட்டைப் பற்றித்தான் பேசினேன், உண்மைதான். எனக்கு வேலை முடிய ஐந்து மாதம்தான் இருந்தது. எஸ்டேட் வழக்கம் உனக்குத் தெரியாததில்லை. லயத்து வீடு வேலை செய்கிறவருக்கு. ரிட்டயர்டு ஆகிறவரின் பிள்ளைகளில் ஒருவர் செக்ரோலில், அதுதான் ஆள் பதிவேட்டில், பேர் பதிந்து வேலைக்குப் போனால் வீடு அந்தக் குடும்பத்துக்கே இருக்கும். யாரும் இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும். ஒரே ஒருவர்தான், அதுவும் ரிட்டயர்டு ஆவதற்கு முன்பே பேர் கொடுக்க வேண்டும். என்னையும் என் அப்பா அப்படித்தான் கொடுத்தார். என்னைக் கேட்கவில்லை, ஒருநாள் காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டருக்கு வா என்றார், போனேன். உன் தம்பி செல்வம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே கல்யாணமும் கட்டிவிட்டான். மலை ஏறினால் அவனுக்கு மூச்சு இளைக்கும். அவனைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை ஆபீசுக்குப் போய், உன் பேரை எழுதிக் கொடுத்து, கீழே என் ஒப்பு போட்டேன். குடும்பத் தலைவி ஒப்பு போட்டால் போதும், பிள்ளை சேருகிற அன்று வந்தால் போதும் என்றார்கள். அந்த வாரம் நீ வந்தபோது சொல்லவில்லை. ஜப்பானாவது ஒன்றாவது, இந்தப் பிள்ளை எங்கே தேறப் போகிறது, தேறாவிட்டால் வீடாவது கையில் இருக்கட்டும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். நீ தேறிவிடுவாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கேள்வி கேட்டவள் நான்தானே.

இனி அந்தச் சனிக்கிழமை. காலையில் கோட்டயத்தில் உனக்கு வேலைக்கான நேர்முகம். வீட்டாரோடும் பேச வேண்டும் என்பது அவர்கள் வழக்கம், பெற்றவர்களுக்குச் சம்மதமா என்று கேட்காமல் ஆளை எடுக்க மாட்டார்கள் என்று நீ முன்னாடியே சொல்லியிருந்தாய். வகுப்பில் உன் பேச்சு முடிந்த கொஞ்ச நேரத்தில் என் போனில் வீடியோ அழைப்பு வந்தது. சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேட்டில், நீலச் சேலை கட்டி, தலை வாரி, பவுடர் போட்டு நின்றிருந்தேன். போனில் இரண்டு பேர் தெரிந்தார்கள். மொழி மாற்றிச் சொல்ல ஒரு மலையாளப் பெண். இன்னொருவர் அந்த முதியோர் இல்லத்தை நடத்துகிறவர். நரைத்த தலை, கழுத்தில் மப்ளர். என்னைப் பார்த்ததும் தலை குனிந்து கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். முதலில் சம்மதமா என்று கேட்டார்கள், சம்மதம் என்றேன். அதுவரை நல்லபடியாகத்தான் இருந்தேன், இதை நீ நம்ப வேண்டும். அடுத்ததாக, மகள் வந்துவிட்டால் உங்களோடு யார் இருப்பார்கள் என்று கேட்டார். எனக்கு அந்த நேரத்தில் வீட்டுத் தகரக் கூரை கீழே தெரிந்தது. கொடியில் உன் சுடிதார் காய்ந்துகொண்டிருந்தது. "எனக்கு யாரும் இல்லீங்க. இவள விட்டா எனக்கு வேற யாருமே இல்ல" என்று சொன்னேன்.

அந்தப் பெண் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "மகன் ஒருத்தன் உண்டல்லோ?" என்று கேட்டாள். நீ எழுதிக் கொடுத்திருந்தாய் போலிருக்கிறது. அங்கேயே திருத்திக்கொண்டிருக்கலாம். ஆமாம், உண்டு, திருப்பூரில் இருக்கிறான், வாராவாரம் பேசுவான் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது. அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. "அவன் இருக்கான்னு பேருதான். அவன எண்ணாதீங்க. போய்ட்டான், எங்களுக்கு அவன் இல்ல."

அவள் அதை அவரிடம் ஜப்பான் மொழியில் சொன்னாள். எனக்கு ஒன்றும் புரிந்திருக்கக் கூடாது. ஆனால் நீ சொல்லிக் கொடுத்திருந்தாயே. நடுவில் 'ஷிக்கா' என்று கேட்டது, முடிவில் 'இமாசேன்' என்று கேட்டது. மகளைத் தவிர யாருமில்லை. என் பொய் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்தது என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஏதோ மெதுவாகச் சொன்னார். ஒரே துணையாக இருக்கிற பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோக அவருக்கு மனம் ஒப்பவில்லை என்கிறார் என்று அந்தப் பெண் சொன்னாள். நான் அழுதேன். அழுகை நிஜம்தான் அமுதா, அதுதான் இதில் கேவலம். நல்ல மனிதர் ஒருவரின் இரக்கத்தை எடுத்து உன் காலில் கட்டினேன். மேட்டிலிருந்து இறங்கி வந்து உலை வைத்தேன். சாயங்காலம் செல்வம் வழக்கம்போல் போன் செய்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன்.

மறுநாள் நீ வந்தாய். பையை வைக்கக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே அழுதாய். "யம்மா, ஒரு வார்த்தையில கெடுத்துட்டேன். ஷிக்கான்னு ஆரம்பிச்சு அரிமாஸ்னு முடிச்சிட்டேன்" என்றாய். அனுபவம் எவ்வளவு என்று கேட்டார்களாம். ஆறு மாதம்தான் என்று அடக்கமாகச் சொல்ல நினைத்து, இல்லை என்று முடிக்க வேண்டிய வாக்கியத்தை இருக்கிறது என்று முடித்துவிட்டாயாம். சின்னப் பிள்ளை செய்கிற தப்பு, அதனால்தான் எடுக்கவில்லை, வேறெதுவும் காரணமே இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டாய். உன்னை நிறுத்தியவள் உன் எதிரில் நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்தேன் தெரியுமா? உன் தலையைத் தடவி, "விடு பிள்ள, நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்" என்றேன். பொய் சொன்னதைக்கூட பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். தடவிக் கொடுத்ததற்கு என்ன பேர் வைப்பது? இந்த இருபது மாதத்தில் என்னைத் தின்றது அந்தத் தடவல்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. நினைத்தபடி நடப்பதும் ஒரு தண்டனைதான். நான் ரிட்டயர்டு ஆனேன், உன்னை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உன் பேரை நான் முன்பே கொடுத்து வைத்திருந்தது அங்கேதான் உனக்குத் தெரிந்தது. நீ கோபப்படுவாய் என்று பயந்துகொண்டிருந்தேன். நீ பேனாவை வாங்கி, "நல்லவேள, இதாவது மிஞ்சுச்சு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாய். நர்சிங் உதவியாளர் படிப்புப் படித்த பிள்ளை, தலையில் துணி கட்டி, இடுப்பில் படங்குத் துணி சுற்றி, கத்தரியோடு மலை ஏறினாய். முதல் வாரம் உன் கையில் கொப்புளம், காலில் அட்டைக் கடி. நான் உப்பு வைத்து ஒற்றினேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாய். வலியில் திட்டுகிறாய் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால், ஷிக்கா, அரிமாசேன். ஷிக்கா, இமாசேன். ஷிக்கா, நொமிமாசேன். கொழுந்து எடுக்கும்போதும் வாய் அசைந்துகொண்டே இருக்குமாம். பக்கத்து நிரையில் எடுக்கிற பெண்கள் உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று என்னிடம் வந்து சொன்னார்கள். ஒன்றையும் கெடுக்காத ஒரு தப்புக்கு நீ தினமும் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தாய். எண்ணிக்கை பார்த்துக்கொண்டு நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு மழை நாளில் வேலை நிறுத்திச் சீக்கிரம் வந்துவிட்டாய். அடுப்புப் பக்கத்தில் நோட்டை வைத்துப் புதிதாக வாக்கியம் எழுதிக்கொண்டிருந்தாய். படித்துக் காட்டச் சொன்னேன். இந்த வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருக்கிறோம் என்று எழுதியிருந்தாய். எந்த மட்டும் போட்டாய் என்று கேட்டேன். "தக்கே போட்டேம்மா. ஷிக்கா போட்டா கொறையா சொன்ன மாதிரி ஆயிரும். நமக்கு என்ன கொற?" என்றாய். நான் விறகைத் தள்ளுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். அந்நிய மொழியில்கூட உன் அம்மாவைக் குறையாகச் சொல்ல உனக்கு மனம் வரவில்லை. நான் தாய்மொழியில் உன் தம்பியை இல்லை என்று சொன்னவள். அன்றே சொல்லியிருக்க வேண்டும். மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டேன். இடுக்கியில் மழை விடுகிறதாவது.

பதினோரு மாதம் மலையில் கிடந்துவிட்டு நீ மறுபடியும் எழுதிப் போட்டாய். இது வேறொரு இல்லம், வேறு ஆட்கள். இந்தத் தடவை நேர்முகத்தை நம் வீட்டிலிருந்தே போனில் பேசினாய். உன் பேச்சு முடிந்ததும் என்னையும் தொட்டி மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் உன் பக்கத்தில் நிறுத்தினாய். "யம்மா, அழுதுராத" என்றாய். அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். உங்களோடு யார் இருப்பார்கள்? எனக்கு ரெண்டு பிள்ளைங்க, மகன் திருப்பூரில் இருக்கிறான், நல்ல பையன், இவள் புறப்பட்டதும் நான் அவனிடம் போய்விடுவேன், என்னைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம் என்றேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு எளிதான ஒன்றை முதல் தடவை சொல்ல முடியவில்லையே என்று அங்கேயே எனக்கு என்மேல் ஆத்திரம் வந்தது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். இறங்கும்போது, வீட்டை விட்டுவிடுவாயா என்று கேட்டாய். முதலில் உனக்குக் கிடைக்கட்டும் என்று பேச்சை மாற்றினேன். கிடைத்துவிட்டது. இந்தத் தடவை எல்லா வாக்கியத்தையும் சரியாக முடித்தேன் என்று நீ லயம் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தாய். அதைத்தான் என்னால் கேட்க முடியவில்லை. நீ போன தடவையும் போதுமான அளவுக்குச் சரியாகத்தான் பேசினாய், மகளே. அவர் உன்னை எடுக்கத்தான் இருந்தார். இல்லாவிட்டால் என்னை எதற்கு அழைத்துப் பேசப் போகிறார்?

உனக்கு எழுதுவதற்கு முன் செல்வத்திடம் சொல்லிவிட்டேன். போன சனிக்கிழமை அவன் அழைத்தபோது, நான் சொன்னதையெல்லாம் மறைக்காமல் சொன்னேன். இல்லை என்று சொன்னதையும் சொன்னேன். அவன் பக்கத்தில் தையல் மெஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "அன்னைக்கும் சனிக்கெழமதானம்மா? சாயங்காலம் நான் போன் பண்ணேன். சாப்ட்டியாலேன்னு கேட்டியே" என்றான். ஆமாம் என்றேன். அவன் திட்டியிருந்தால் ஆறியிருக்கும். "அக்காகிட்ட சொல்லிரு. மறைச்சு அனுப்பாத" என்று மட்டும் சொன்னான். போனை வைக்கப் போகிறவன் திரும்பவும், கட்டில் போட இடம் ஒதுக்கிவிட்டதாகவும் மருமகளும் வரச்சொல்கிறாள் என்றும் சொன்னான். வெட்கமாக இருந்தது. இருந்தாலும் போகத்தான் போகிறேன். இல்லை என்று சொன்ன பிள்ளையின் சோற்றைத் தின்றுதான் நான் இதைத் தீர்க்க வேண்டும் போலிருக்கிறது.

புத்தி சொல்லத் தகுதி இல்லாதவள் ஒன்றே ஒன்று சொல்கிறேன், கேட்டால் கேள். நீ போகிற இடத்தில் படுக்கையில் கிடக்கிற கிழவிகள் இருப்பார்கள். அவர்களில் யாராவது ஒருத்தி உன் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னை விட்டால் எனக்கு யாரும் இல்லை என்பாள். மனசு உருகும். கஞ்சி கொடு, துடைத்து விடு, பக்கத்தில் உட்கார். ஆனால் அதைக் கேட்டு உன் லீவை விட்டுக்கொடுக்காதே, உன் தூக்கத்தை விட்டுக்கொடுக்காதே. அவளுக்கும் எங்கேயாவது ஒரு செல்வம் இருப்பான். நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆகி ஒருவன் அதே வார்த்தையைச் சொன்னாலும் இதே கதைதான். அன்பு என்றால் அப்படிச் சொல்லாமலும் இருக்கும். உன் அப்பா ஒருநாளும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. பாக்டரியிலிருந்து வந்து டீயைக் குடித்துவிட்டு, கிரஷ்ஷில் இன்று எந்தப் பிள்ளை துப்பியது என்று கேட்பார், அவ்வளவுதான். உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் ஊட்டுவதற்குக்கூட அந்தப் பொய்யைச் சொல்லாதே. பசித்தால் தானாகத் தின்னும்.

இன்னும் ஒரு தப்பு செய்யப் பார்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். செக்ரோலில் உன் பேரை வெட்டி வீட்டை ஒப்படைத்துவிட்டால் உன் காலில் எதுவும் கட்டியிருக்காது, நீ நிம்மதியாகப் போகலாம் என்று திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனேன். எஸ்டேட்டில் ஆள் கணக்கு பார்க்கிற கண்டக்டர் சார் இருந்தார். சம்பளமில்லா லீவில் பேர் ஒரு வருடம் வரை நிற்கும், அதற்குள் பிள்ளை திரும்பி வந்தால் வீடும் நிற்கும், இப்போதே வெட்டினால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும் என்று விளக்கினார். "வெட்டிருங்க சார்" என்றேன். தாளை எடுத்து வைத்தார், பேனாவை நீட்டினார். கையில் பேனாவை வாங்கிய பிறகுதான் உறைத்தது. கேட்காமல் கொடுத்தவள் இப்போது கேட்காமல் வெட்டவும் வந்திருக்கிறேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் மறுபடியும் உன் பேரில் என் ஒப்பு. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். "உங்க வீட்டுக்காரியமே விசித்திரம்" என்று அவர் சிரித்தார்.

அந்தத் தாளை இந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். ஒப்பு போடுகிற இடம் காலியாக இருக்கிறது. போடுவதும் கிழித்துப் போடுவதும் லீவு எழுதிக் கொடுப்பதும் உன் இஷ்டம். நான் என்ன ஆசைப்படுகிறேன் என்று இந்த ஒரு தடவை சொல்ல மாட்டேன். இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்து அனுப்பிவிடலாம் என்றும் நினைத்தேன். நீ அங்கே போய்ப் பிரித்துப் படிப்பாய், கத்துவதற்கு நான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க மாட்டேன், கோபம் ஆறிய பிறகு போன் செய்வாய். நல்ல வசதிதான். போதும், அந்த வசதியெல்லாம் நிறைய அனுபவித்துவிட்டேன்.

மூன்று மணி பஸ் வளைவில் திரும்புகிற சத்தம் கேட்கிறது. நீ வந்து, கால் கழுவி, டீ குடித்த பிறகு இதை உன் கையில் கொடுப்பேன். நீ இந்த வரிக்கு வரும்போது டம்ளர் ஆறிப்போயிருக்கும். நான் தொட்டி மேட்டுக்கும் போகவில்லை, டம்ளர் கழுவவும் போகவில்லை. உன் எதிரில், அடுப்புப் பக்கத்துப் பலகையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். தலையை நிமிர்த்து, அமுதா. என்ன சொல்ல வேண்டுமோ சொல்.